எழுதப் படிக்கத் தெரியாத ஓவியன்

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்குத் தமிழ் எழுத்தைக் கண்ணால் காணும் இடங்கள் சிலவே. தமிழ்நாட்டில் தெருவில் இறங்கினால் கடைப் பலகையும், பேருந்தின் நெற்றியும், சுவரொட்டியும் நம்மோடு தமிழிலேயே பேசும். தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ நிலைமை அவ்வாறன்று. கோயிலின் அறிவிப்புப் பலகை, தமிழ்ச் சங்கத்தின் அழைப்பிதழ், சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டி, ஊரிலிருந்து தபாலில் வரும் கல்யாணப் பத்திரிகை ஆகிய இவற்றில்தான் நம் குழந்தைகள் தாய்மொழியின் வடிவத்தைக் காண்கிறார்கள். ஆகவே, அந்தச் சில இடங்களிலும் எழுத்துப் பிழைபட்டு நிற்குமானால், அதனால் விளையும் தீங்கு சிறிதென்று சொல்லிவிட முடியாது.

சென்ற பொங்கலுக்கு முன்னர் நம் சங்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குவோம். விழா அழைப்பிதழுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. இளைஞர் ஒருவர் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம், ‘பொங்கிவரும் பானை, இருபுறமும் கரும்பு, பின்னே உதயசூரியன், மேலே தமிழில் பொங்கல் வாழ்த்து’ என்று கேட்டார். ஒரு நிமிடத்திற்குள் படம் வந்தது. பானையின் நுரை மெய்யாகவே பொங்குவதுபோல் இருந்தது. ஆனால், வாழ்த்து இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது வாழ்த்தன்று. வளைவுகள் தமிழைப் போலவே வளைந்திருந்தன. சுழிகள் தமிழைப் போலவே சுழித்திருந்தன. எழுத்து மட்டும் ஒன்றுகூட இல்லை. பெரியவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்கு வரும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதை எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றாள். முடியவில்லை. “டீச்சர், இந்த எழுத்தெல்லாம் எங்களுக்கு இன்னும் சொல்லித் தரவில்லையே” என்றாள். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

உதயசூரியனை வரையத் தெரிந்த பொறிக்கு ஒரு சொல்லை எழுதத் தெரியாமற் போனது ஏன்? அது இப்பொழுது எந்த அளவுக்குத் திருந்தியிருக்கிறது? தமிழ் மட்டும் பின்தங்கி நிற்பதற்குக் காரணம் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண, சற்றுப் பின்னோக்கிச் செல்வது பயன் தரும். எழுதப் படிக்கத் தெரியாத கை நம் நாட்டு எழுத்துகளை வரைய நேர்ந்தது இது முதன்முறை அன்று.

ஆம்ஸ்டர்டாம் நகரில் 1678ஆம் ஆண்டு முதல் 1693ஆம் ஆண்டு வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’ என்னும் பெருநூலைப் பலர் அறிந்திருப்பர். மலையாளக் கரையில் டச்சுக்காரரின் தலைவராக இருந்த வான் ரீடு என்பார், இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரையும் மற்றும் பல அறிஞரையும் துணைக்கொண்டு, அந்நாட்டுச் செடிகொடிகளைப் பற்றித் தொகுப்பித்த நூல் அது. அதன் சிறப்பு அதிலுள்ள செப்புத்தகட்டுப் படங்களாகும். படங்களில் செடியின் பெயர் உரோமன், மலையாளம், அரபு, நாகரி ஆகிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இலையையும் பூவையும் செதுக்கிய அதே உளியே எழுத்தையும் செதுக்கிற்று. ஆம்ஸ்டர்டாமில் இருந்த செதுக்குநர்கள் மலையாளமும் நாகரியும் படிக்கக் கற்றிருக்க வழியில்லை. அவர்களுக்கு அவ்வெழுத்துகளும் ஒருவகைக் கொடிகளே. எனினும், அப்பெயர்களை இன்றும் படிக்க முடிகிறது. கொச்சியிலிருந்து சென்ற மூலப்படியை அவர்கள் கோட்டுக்குக் கோடு பார்த்து வரைந்தமையே அதற்குக் காரணம்.

தமிழ் அச்சின் கதையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது. 1554ஆம் ஆண்டில் லிஸ்பனில் அச்சான முதல் தமிழ் நூலில் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டன. தமிழ் எழுத்திலேயே வெளிவந்த முதல் நூல் 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலுக்குரிய அச்செழுத்துகளுள் ஒரு பகுதி 1577ஆம் ஆண்டில் கோவாவிலும், மற்றொரு பகுதி மறு ஆண்டு கொல்லத்திலும் வார்க்கப்பட்டன. எழுத்தை வார்த்தவர்கள் ஐரோப்பியர். ஆனால், நூலை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறையில் பல்லாண்டு வாழ்ந்து தமிழை எழுதவும் பேசவும் கற்றவர். தமிழுக்கு இலக்கணமும் எழுதியவர். ஆகவே, படிக்கத் தெரிந்த கண் ஒன்று அவ்வச்சுக்குக் காவலாக நின்றது.

சீகன்பால்கு 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தார். அங்கிருந்து அனுப்பிய எழுத்து வடிவங்களைப் பார்த்து ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்துத் தொழிலாளர்கள் தமிழ் அச்செழுத்துகளை வெட்டி வார்த்தனர். அவை 1713ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. தமிழ் அறியாத கைகள் வெட்டியவை ஆயினும் அவை படிக்கக்கூடியனவாகவே இருந்தன. ஆனால், அளவில் மிகப் பெரியனவாக இருந்தமையால் காகிதத்தை மிகுதியாக விழுங்கின. பின்னர், அருகிலிருந்த பொறையாற்றில் எழுத்துப் பட்டறை அமைத்துச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி நிறைவுற்றது.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். படிக்கத் தெரியாதவனும் எழுத்தைச் செம்மையாக வரையலாம். அதற்கு மூன்று வேண்டும். பிழையற்ற மூலப்படி ஒன்று அவன் கண்முன் இருத்தல் வேண்டும். எழுத்தை எழுத்தாகத் தனித்தனியே அவன் கையாளுதல் வேண்டும். முடிந்த பின் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் சரிபார்த்தல் வேண்டும். இன்றைய படம் வரையும் பொறியின் வரலாறு, இம்மூன்றும் இல்லாமல் தொடங்கி, அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்ட வரலாறே எனலாம்.

பொறி படம் வரையக் கற்ற காலம் மிக அண்மையது. 2014ஆம் ஆண்டில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் இயான் குட்ஃபெல்லோவும் அவருடன் ஆராய்ந்தோரும் ஒரு புது வழியைக் கண்டனர். ஒரு பொறி பொய்ப் படம் வரைய, மற்றொரு பொறி அது மெய்யா பொய்யா என்று கண்டுபிடிக்க முயல, இரண்டும் போட்டியிட்டுத் தேர்ச்சி பெறுவது அவ்வழி. 2015ஆம் ஆண்டில் டொரான்டோ ஆராய்ச்சியாளர் சிலர், ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் அதற்கேற்ற படத்தை வரையும் பொறியைச் செய்து காட்டினர். அப்படம் அகலத்தில் 32 புள்ளிகளும் உயரத்தில் 32 புள்ளிகளும் கொண்டது. அஞ்சல் தலையிலும் சிறிய மங்கலான காட்சி. 

இப்பொழுது பெரிதும் வழங்கும் முறைக்கு வித்தும் 2015ஆம் ஆண்டிலேயே இடப்பட்டது. 2020ஆம் ஆண்டில் அது செழித்தது. தெளிவான கோலம் ஒன்றின்மேல் சிறிது சிறிதாக மணல் தூவிக்கொண்டே சென்றால் இறுதியில் மணல் மட்டுமே எஞ்சும். அந்த மணலைப் படிப்படியாக விலக்கிக் கோலத்தை மீட்கப் பொறியைப் பழக்குகிறார்கள். கோடிக்கணக்கான படங்களில் இவ்வாறு பழகிய பொறி, வெறும் மணலைக் கொடுத்தாலும், நாம் சொல்லும் வாக்கியத்திற்கேற்ப ஒரு கோலத்தை அதனுள்ளிருந்து ‘மீட்டு’விடும். உண்மையில் அங்கே முன்பு கோலம் எதுவும் இருந்ததில்லை. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் ஓபன்ஏஐ நிறுவனம் ‘டால்-ஈ’ என்னும் பொறியை அறிவித்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் இரண்டாம் வடிவமும், மே மாதத்தில் கூகுளின் ‘இமேஜென்’ பொறியும், ஆகஸ்டில் எவரும் தம் கணிப்பொறியிலேயே இயக்கக்கூடிய ‘ஸ்டேபிள் டிஃப்யூஷன்’ பொறியும் வெளிவந்தன. ஒரே ஆண்டில் உலகம் முழுவதும் இத்தகைய படங்கள் பெருகின.

படங்கள் பெருகியபொழுதே குறையும் வெளிப்பட்டது. டால்-ஈயின் இரண்டாம் வடிவத்தைச் செய்தவர்களே தங்கள் ஆய்வுரையில் அதை ஒப்புக்கொண்டனர். ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் எழுதிய பலகை ஒன்றை வரையச் சொன்னபொழுது, எழுத்துகள் இடம் மாறியும் குறைந்தும் மிகுந்தும் வந்த படங்களை அவர்கள் அவ்வுரையிலேயே அச்சிட்டுக் காட்டினர். அதே ஆண்டில் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர் மேலும் ஒரு வேடிக்கையைக் கண்டனர். இரண்டு உழவர்கள் காய்கறியைப் பற்றிப் பேசுவதாகவும், அவர்கள் பேச்சு எழுத்தில் தெரிவதாகவும் படம் கேட்டார்கள். பொருளற்ற சில சொற்கள் படத்தில் தோன்றின. அவற்றுள் ஒன்றை எடுத்து மீண்டும் பொறிக்கே கட்டளையாகக் கொடுத்தபொழுது, அது பறவைகளை வரைந்தது. பொறிக்குத் தனக்கென ஒரு மறைமொழி இருக்கிறதோ என்று அவர்கள் ஐயுற்றனர். வேறு ஆராய்ச்சியாளர்கள் அம்முடிவை மறுத்தனர். எவ்வாறாயினும், நாம் படிக்கும் எழுத்துக்கும் பொறி வரையும் எழுத்துக்கும் இடையே பெரும் பிளவு உண்டு என்பது அதனால் விளங்கிற்று.

இக்குறைக்குக் காரணங்கள் மூன்று. அவற்றுள் தலையாயது, பொறி எழுத்தைப் பார்ப்பதே இல்லை என்பதாகும். நாம் எழுதிக் கொடுக்கும் வாக்கியம் பொறியின் உள்ளே செல்லும் முன்னர்த் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் தரப்படுகிறது. அடிக்கடி வழங்கும் சொல் முழுவதும் ஒரே எண்ணாகிவிடும். பொறிக்குத் தெரிவது அந்த எண்ணும், அவ்வெண்ணோடு தொடர்புடைய பொருளுமே. ‘யானை’ என்பதற்கு 4,217 என்று எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 4,217 என்றால் தும்பிக்கை உடைய பெரிய விலங்கு என்று பொறிக்கு நன்றாகத் தெரியும். அந்த எண்ணுக்குள் ‘யா’வும் ‘னை’யும் இருக்கின்றன என்பது மட்டும் தெரியாது. யானையை வரைவதற்கு அந்த அறிவு தேவையில்லை. ‘யானை’ என்று பலகையில் எழுதுவதற்கு அந்த அறிவே தேவை. மூலப்படியைக் கண்ணில் காட்டாமல், அதன் பொருளை மட்டும் காதில் சொல்லிச் செதுக்கச் சொன்னால், ஆம்ஸ்டர்டாம் செதுக்குநர் என்ன செய்திருப்பாரோ, அதையே பொறியும் செய்தது.

இரண்டாவது காரணம் நுண்மையைப் பற்றியது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் வடிவத்தில், அகலமும் உயரமும் 512 புள்ளிகள் கொண்ட படம், உள்ளே 64க்கு 64 கட்டங்களாகச் சுருக்கப்பட்டது. அஃதாவது, எட்டுப் புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமும் உள்ள பகுதி ஒரே கட்டமாயிற்று. வானமும் வயலும் அவ்வாறு சுருங்கினால் இழப்பில்லை. சிறிய எழுத்தின் சுழியும் புள்ளியுமோ அந்தக் கட்டத்துக்குள் முழுவதும் அடங்கி மறைந்துவிடும். அவற்றை மீண்டும் விரிக்கும்பொழுது பொறி தன் ஊகத்தால் நிரப்புகிறது.

மூன்றாவது காரணம் எழுத்தின் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது. மாவிலையில் ஒரு நரம்பு கூடினாலும் குறைந்தாலும் அது மாவிலையே. அலையின் வளைவு சற்று மாறினாலும் அலையே. இரண்டு சுழி ‘ன’வில் ஒரு சுழி கூடினால் அது மூன்று சுழி ‘ண’வாகி, மனம் மணமாகிவிடும். ‘கல்’லின் தலைப்புள்ளி உதிர்ந்தால் அது ‘கல’ ஆகிவிடும். ‘பள்ளி’ சற்றுத் தவறினால் ‘பல்லி’யாகிவிடும். ஏறக்குறையச் சரி என்பதையே இலக்காகக் கொண்டு பழகிய கை, ஏறக்குறைய என்பதற்கு இடமே இல்லாத எழுத்தில் வழுக்கி விழுந்தது வியப்பன்று. மனிதக் கைக்கு ஆறு விரல் வரைந்த அதே பிழைதான் இதுவும். விரலைப் போலவே எழுத்துக்கும் கணக்கு உண்டு.

இனி, குறை நீங்கிய வரலாற்றைக் காண்போம். முதலில் பருமனே மருந்தாகத் தோன்றிற்று. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கூகுளின் ‘பார்ட்டி’ என்னும் பொறியைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அதை 35 கோடி, 75 கோடி, 300 கோடி, 2,000 கோடி என்று நான்கு அளவுகளில் செய்து பார்த்தனர். இவ்வெண்கள் பொறியின் உள்ளே திருகிச் சரிசெய்யப்படும் மதிப்புகளின் தொகையைக் குறிப்பன. சிட்னி நகர இசையரங்கின் முன்னே, நண்பர்களை வரவேற்கும் பலகையை ஏந்தி நிற்கும் கங்காரு ஒன்றை நான்கு பொறிகளும் வரைந்தன. சிறிய பொறிகள் பலகையில் கிறுக்கின. மிகப் பெரியதே பிழையின்றி எழுதிற்று. அவ்வாண்டு வந்த இமேஜென் பொறியும், சொல்லைப் புரிந்துகொள்ளும் பகுதியைப் பெரிதாக்கினால் படம் திருந்துகிறது என்பதைக் காட்டியது.

பருமன் ஏன் உதவிற்று என்பதற்கு அவ்வாண்டு டிசம்பரில் விடை கிடைத்தது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் இருவகைப் பொறிகளை ஒப்பிட்டனர். ஒன்று முன்போலத் துண்டுகளை மட்டும் அறிவது. மற்றொன்று சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்ப்பது. இரண்டாம் வகைப் பொறி, அளவிற் பெரிதாக இல்லாதபோதும், மிக நன்றாக எழுதிற்று. அரிய சொற்களில் அதன் மேம்பாடு மிகத் தெளிவாகத் தெரிந்தது. முதல் வகைப் பொறி மிகப் பெரிதாக வளர்ந்தால், கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்த பழக்கத்தால், எந்த எண்ணுக்குள் எந்தெந்த எழுத்து என்பதைத் தானே ஓரளவு ஊகித்துக்கொள்கிறது. ஆனால், அடிக்கடி வரும் சொற்களிலேயே அவ்வூகம் நன்கு பலித்தது. நம் மூன்று விதிகளுள் ஒன்றாகிய, எழுத்தை எழுத்தாகக் கையாளுதல், இவ்வாறு பொறிக்கு வந்து சேர்ந்தது.

2023ஆம் ஆண்டில் மூலப்படியைக் கண்முன் வைக்கும் வழி பிறந்தது. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் செய்த ‘டெக்ஸ்ட் டிஃப்யூசர்’, எந்தச் சொல் படத்தில் எங்கே எவ்வளவு இடத்தில் வரவேண்டும் என்று முதலில் கட்டம் போட்டுக்கொண்டு, பின்னர் வரைந்தது. அலிபாபா ஆராய்ச்சியாளர்களின் ‘எனிடெக்ஸ்ட்’ இன்னும் ஒருபடி சென்று, வேண்டிய எழுத்தை அச்சு வடிவிலேயே பொறியின் முன் காட்டி வரையச் செய்தது. அவ்வாண்டு வந்த டால்-ஈயின் மூன்றாம் வடிவம், பழகும் படங்களுக்குரிய விளக்கக் குறிப்புகளை விரிவாகவும் பிழையின்றியும் எழுதுவித்ததால் பெரிதும் முன்னேறிற்று. ஆயினும், சொற்கள் விடுபடுவதும் எழுத்துகள் மிகுவதும் முற்றிலும் நீங்கவில்லை என்று அதைச் செய்தவர்களே குறித்தனர். 2024ஆம் ஆண்டில் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனின் மூன்றாம் வடிவம், முன்பு ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு எண்களில் சுருக்கியதைப் பதினாறு எண்களில் வைத்துக்கொண்டு, நுண்மை இழப்பைக் குறைத்தது. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் ஓபன்ஏஐ, உரையாடும் பொறியே படத்தையும் வரையும் முறையை வெளியிட்டது. ஆங்கிலத்தில் ஓர் உணவகத்தின் விலைப்பட்டியல் முழுவதையும் எழுதும் அளவுக்கு அது தேர்ந்திருந்தது.

ஆங்கிலத்தின் கதை இவ்வாறு ஏறத்தாழ நல்ல முடிவை எட்டியது. தமிழின் கதை அத்துணை விரைவில் நகரவில்லை. அந்த மார்ச் மாத வெளியீட்டிலேயே, உரோமன் அல்லாத எழுத்துகளில் பொறி தடுமாறக்கூடும், இல்லாத எழுத்தைக் கற்பனை செய்துவிடவும் கூடும் என்ற எச்சரிக்கை இருந்தது. பின்னர் வந்த கருவிகள் தேறி வருகின்றன. இருப்பினும், நான்கு சொற்களைச் செம்மையாக எழுதி ஐந்தாம் சொல்லில் ஒற்றை விழுங்கும் பழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை.

இதற்குக் காரணம் தமிழின் குறையன்று. பொறிகளின் பழக்கத்தில் தமிழ் வைக்கப்பட்ட இடமே காரணம். இமேஜென் பொறியும், ஸ்டேபிள் டிஃப்யூஷனின் மூன்றாம் வடிவமும் சொல்லை அறிந்துகொள்ள ‘டி-5’ என்னும் உறுப்பைப் பயன்படுத்தின. அவ்வுறுப்பின் சொற்றொகுதி ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ருமேனியம் ஆகிய நான்கு மொழிகளைக் கருதி அமைந்தது. அதனிடம் தமிழில் ஒரு சொல்லைக் கொடுத்தால், ‘அறியாத குறி’ என்ற ஒரே முத்திரை குத்தி உள்ளே அனுப்பிவிடும். ‘வணக்கம்’ என்றாலும், ‘வருக’ என்றாலும் அதற்கு ஒன்றே. எனிடெக்ஸ்ட் பொறிக்காகத் தொகுத்த 30 இலட்சம் படங்களுள் மிகப் பெரும்பாலானவை சீனமும் ஆங்கிலமும். ஜப்பானியம், கொரியம், அரபு, வங்காளம், இந்தி ஆகியவற்றுக்குச் சிறு பங்கே கிட்டிற்று. தமிழ் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

நம் எழுத்தின் அமைப்பும் பொறிக்குப் புதிராகவே இருக்கிறது. கணிப்பொறியில் தமிழை வைக்கும் முறை, 1988ஆம் ஆண்டில் இந்திய மொழிகளுக்கெனச் செய்த பொதுக் குறியீட்டைத் தழுவி, 1991ஆம் ஆண்டின் யூனிகோடில் இடம்பெற்றது. அதில் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கிடையாது. உயிர்கள், அகரமேறிய மெய்கள், துணைக்குறிகள் ஆகியவற்றுக்கே இடம் உண்டு. ‘கொடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது இரண்டெழுத்து. கணிப்பொறிக்கு அது நான்கு குறியீடு. ஒவ்வொன்றும் மும்மூன்று எண்களாகச் சேமிக்கப்படுவதால் பன்னிரண்டு எண்கள். வரையும்பொழுதோ, ககரத்துக்குப் பின் வரும் ஒரே குறியீடு இரண்டாகப் பிளந்து, கொம்பு ககரத்துக்கு முன்னும், கால் அதற்குப் பின்னும் போய் நிற்கும். நம் பிள்ளைகள் பலகையில் எழுதிப் பழகிய இந்த நடையைப் படங்களிலிருந்து மட்டும் கற்க வேண்டிய பொறி, கொம்பை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் தொலைத்துவிடுவதில் வியப்பென்ன? ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று தமிழ்க் கணிப்பொறி அறிஞர்கள் வாதாடியதும், 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு யூனிகோடோடு அத்தகைய ஓர் அனைத்தெழுத்து முறையையும் ஏற்று ஆணையிட்டதும் இங்கே நினைவுகூரத் தக்கவை. உலகெங்கும் நிலைத்த வழக்கு யூனிகோடே ஆயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கைக்கொள்ளத் தக்கவை சில உண்டு. பழைய அச்சகங்களில் படத்துக்கு பிளாக் வேறு, எழுத்துக்கு அச்சுக்கோப்பு வேறு. பிளாக் செய்பவர் படத்தைச் செதுக்குவார். அச்சுக்கோப்பவர் பெட்டியிலிருந்து எழுத்தை எடுத்து அடுக்குவார். இரண்டும் சட்டத்துக்குள் ஒன்று சேரும். அம்முறையே இன்றும் நமக்கு உகந்தது. பொறியிடம் படத்தை மட்டும் கேட்போம்; எழுத்துக்கு வெற்றிடம் விடச் சொல்வோம். எழுத்தை நல்ல எழுத்துரு ஒன்றில் நாமே கோத்து அவ்விடத்தில் வைப்போம். அப்பொழுது எழுத்துக்குப் பொறுப்பு நம்முடையதாகும். எழுத்தையும் பொறியே எழுதத்தான் வேண்டுமென்றால், சொற்களைக் குறைத்து, எழுத்துகளைப் பெரிதாகக் கேட்டால் பிழை குறையும்.

எவ்வழியில் செய்தாலும் புரூப் பார்ப்பதை விடலாகாது. தமிழறியாத அண்டை வீட்டார் அந்த அழைப்பிதழைப் பார்த்தால், இதுவே தமிழ் என்று நம்பிவிடுவர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் பிள்ளைகளும் நம்பிவிடுவார்களானால் குறை நம்முடையதே. மேலும் ஒரு கவலை உண்டு. பொறிகள் தாம் பழகுவதற்குரிய படங்களை உலகில் உலவும் படங்களிலிருந்தே திரட்டுகின்றன. இன்று நாம் திருத்தாமல் வெளியிடும் பொய்யெழுத்து, நாளை மற்றொரு பொறிக்குத் தமிழ்ப் பாடமாக அமையக்கூடும். செம்மையான தமிழ்ப் பலகைகளையும் அழைப்பிதழ்களையும், அவற்றில் உள்ளது யாது என்ற குறிப்போடு வெளியிடுவதும் ஒரு தமிழ்த்தொண்டே. அதைத் தாயகத்தில் இருப்பவர் மட்டுமே செய்ய வேண்டும் என்பதில்லை.

நம் சங்கத்து அழைப்பிதழ் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பானையும் கரும்பும் சூரியனும் பொறி வரைந்தபடியே நின்றன. பொய்யெழுத்தை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் வாழ்த்தை நாமே கோத்தோம். அச்சுக்குப் போகுமுன் புரூப்பை அந்தச் சிறுமியின் கையில் கொடுத்தோம். விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். “டீச்சர், ‘பொங்கல’ என்று இருக்கிறது. ‘ல’வுக்கு மேல் புள்ளி இல்லை” என்றாள். அந்தப் புள்ளியைப் பொறி விடவில்லை. கோத்த நாமே விட்டுவிட்டோம். அவள் சொன்ன பிறகு வைத்தோம்.